ஹியாஓரோஷி சாக்கேல வாசனையே வரல, ஏமாந்துட்டேனா?

டோக்கியோ நிஷி கசாய்ல இருந்து ஒரு வாசகர் கேக்குறார்: ஆபீஸ்ல சொன்னாங்கன்னு ஹியாஓரோஷி சாக்கே (ஜப்பான் அரிசி மது) ஒரு பாட்டில், ஆப்ல யாரோ ஒருத்தர்கிட்ட கூடுதல் விலைக்கு வாங்கி, ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்த கையோட குடிச்சேன், வாசனையும் இல்ல ருசியும் இல்ல, ஏமாத்திட்டானா?

விலைல ஏமாந்தது நிஜம். ருசி விஷயத்துல உங்க ஃப்ரிட்ஜ் மேலதான் எனக்கு சந்தேகம்.

ஹியாஓரோஷிங்கறது, குளிர்காலத்துல செஞ்சு பிழிஞ்ச சாக்கேவ, வசந்தத்துல ஒரு தடவ 60, 65 டிகிரிக்கு சூடு காட்டி, கோடை முழுக்க கிடங்குல போட்டு வச்சு, செப்டம்பர் வாக்குல விடுவாங்க. பாட்டில்ல அடைக்கும்போது வழக்கமா காட்டுற ரெண்டாவது சூடு இதுக்கு கிடையாது. புதுசுல இருக்குற காரம் அடங்கி அரிசி ருசி நல்லா ஊறி நிக்கும், பழ வாசனை தூக்கலா எதிர்பாக்காதீங்க. அத 5 டிகிரில குடிச்சா நாக்குக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் வெளிய வச்சு 15 டிகிரி வாக்குல ஒரு வாய், அப்புறம் டொக்குரில (சாக்கே ஊத்துற சின்ன குடுவை) ஊத்தி வெந்நீர்ல இறக்கி 40 டிகிரிக்கு வந்ததும் ஒரு வாய். பக்கத்துல உப்பு போட்டு சுட்ட சன்மா மீன் இருக்கட்டும், மொதல்ல மீன் அப்புறம் சாக்கே.

இனிமே தயவுசெஞ்சு ஆப்ல வாங்காதீங்க. லைசென்ஸ் இல்லாம சாக்கேவ தொழிலா விக்கக்கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, அதோட "கிடைக்காத சரக்கு"ன்னு போட்டு விக்கிறவன் அத எந்த ஜன்னலோரம் வச்சிருந்தான்னு யாருக்கு தெரியும், வெயில் பட்ட சாக்கே சீக்கிரம் நாறிடும். ஃப்ரிட்ஜ் வச்சிருக்குற சாக்கே கடைல கேட்டு வாங்குங்க.

கவர்மெண்ட்ட நம்பவும் வழியில்ல. கின்ஜோங்கற உசத்தி ரக சாக்கேன்னா அரிசிய தீட்டி 60 சதவீதமோ அதுக்கும் கீழயோதான் மிச்சம் இருக்கணும்னு விதி போட்டவங்க, ஹியாஓரோஷின்னா என்னன்னு சட்டத்துல ஒரு வரி எழுதல. 2023 ஜனவரிலேந்து தயாரிப்பு மாசம் போடுறதும் கட்டாயமில்ல, போட்டாலும் அது சாக்கே செஞ்ச மாசம் இல்ல. அப்புறம் லேபிள பாத்து என்னத்த கண்டுபிடிக்கிறது?

ஒண்ணு மட்டும் நல்லா கவனிங்க. சில கம்பெனிங்க ஒரு தடவகூட சூடு காட்டாத சாக்கேவயும் இலையுதிர்கால சரக்குன்னு விடுவாங்க, லேபிள்ல நாமா, இல்லன்னா நாமாசாக்கேன்னு இருக்கும். நாமாசுமேன்னு இருந்தா அது வேற, அதுக்கு ஒரு தடவ சூடு காட்டியாச்சு. வெறும் நாமா மட்டும் கடைலேந்து வீடு வரைக்கும் ஜில்லுன்னே வரணும், வீட்லயும் 5 டிகிரிக்கு மேல போகக்கூடாது, திறந்தா சில நாள்ல முடிச்சிடணும். முன்ன சொன்னபடி வெளிய வைக்கிறது கப்ல ஊத்தினத மட்டும், பாட்டில் உடனே உள்ள போயிடணும். உங்க பாட்டில்ல மிச்சம் இருந்தா லேபிள பாருங்க, நாமாவா இருந்து கலங்கிப்போய் புளிச்ச வாடை அடிச்சா சமையலுக்குக்கூட எடுக்காதீங்க, சிங்க்ல ஊத்துங்க.