கடாரத்தை ஆண்டது யார்?

அன்புள்ள ஐயா,

கடாரத்தைச் சோழர்கள் ஆண்டார்கள் என்று பள்ளியில் படித்தோம். ராஜேந்திர சோழன் படையெடுத்த 1025-க்குப் பிறகு அங்கே எத்தனை ஆண்டுகள் சோழராட்சி நடந்தது, அது எப்படி முடிந்தது என்று தேடிப் பார்த்தேன். எங்கும் தெளிவாக இல்லை. வென்ற நாட்டுக்கே பின்னாளில் நம் மக்கள் தோட்டக்கூலிகளாகப் போனார்கள் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. வரும் டிசம்பரில், அந்தக் கடாரமாகிய இன்றைய மலேசியாவின் கெடா மாநிலத்துக்குப் போகிறேன். சோழர் கட்டியது என்று அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேடியது கிடைக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. சோழர் கடாரத்தை வென்றார்கள். ஆண்டதற்குச் சான்று இல்லை. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’க் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவனுடைய யானைகளையும் பெருநிதியையும் வித்தியாதரத் தோரணத்தையும் கைக்கொண்டதையும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரை, சொல்கிறது. அங்கே அதிகாரியை அமர்த்தியதாகவோ, வரி விதித்ததாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. மா, காணி, முந்திரி என்று நிலத்தை நுணுக்கி அளந்து கல்லில் வெட்டிவைத்த அரசு அது. அத்தகைய அரசின் மௌனத்துக்குப் பொருள் உண்டு. பின்னர் வீரராஜேந்திரனும் கடாரத்தை வென்றான். வென்றதைத் தன் கழல் பணிந்த அந்நாட்டு மன்னனுக்கே திரும்பக் கொடுத்ததாக அவனுடைய கல்வெட்டுகள் கூறுகின்றன.

படையெடுப்புக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டியது. முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். இந்தக் கொடையை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். கடாரத்துக்கும் நமக்கும் இருந்த உறவின் பெரும்பகுதி வணிகமும் வழிபாடும்தான். ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ என்று பட்டினப்பாலை பூம்புகாரின் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களைப் பாடுகிறது. அந்தக் காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியரின் உரை.

வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்கு முதலில் கண்ணில் படுவது ஜெராய் மலை. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலையடியில், மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டி, கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே மக்கள் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். சுங்கை பத்துவில் தோண்டியபோது உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. காற்று திசை மாறும்வரை கப்பல்கள் இங்கே காத்துக் கிடந்தன. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார். அவருக்கும் முன்பு, ஐந்தாம் நூற்றாண்டளவில், செம்மண் நாட்டைச் சேர்ந்த மாநாவிகன் (பெருங்கப்பல் தலைவன்) புத்தகுப்தன் தன் பயணம் நலமாக முடிய வேண்டிக் கல் ஒன்றில் வடமொழியில் எழுதி, ஸ்தூபியும் வரைந்து வைத்தான். 1834-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துறைமுக நாட்டின் பிழைப்பு கடினமானது. செல்வம் கடல்வழியே வரும். செல்வத்தைத் தேடுபவனும் அதே வழியில் வருவான். இஸ்லாத்தைத் தழுவிச் சுல்தானகமாகிய பின்னும் கெடாவின் நிலை மாறவில்லை. 1611-இல் போர்த்துக்கீசியர் தாக்கினார்கள்; 1619-இல் சுமத்ராவின் அச்சே அரசு அழித்தது. சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த பூமரங்கள் கப்பமாகப் போயின. அந்தச் சயாமிடமிருந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தான் சுல்தான் அப்துல்லா 1786-இல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கம்பெனியை இறங்கவிட்டார். பிரான்சிஸ் லைட் தீவை எடுத்துக்கொண்டார். பாதுகாப்பு தரக் கம்பெனி மறுத்துவிட்டது. 1791-இல் தீவை மீட்க எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் படை திரட்டிய சுல்தான் தோற்று, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் பெற்றுக்கொண்டு தீவை விட்டுக்கொடுக்க ஒப்பமிட்டார். 1800-இல் எதிர்க்கரை நிலமும் கைமாறியது. தொகை 10,000 ஆயிற்று. 1821-இல் சயாம் உண்மையிலேயே படையெடுத்தபோது சுல்தான் அகமது தாஜுதீன் ஓடி அடைக்கலம் புகுந்த இடம் தம் தந்தையார் கொடுத்த பினாங்குதான். அவர் கெடாவுக்குத் திரும்ப 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சயாம் கெடாவின் மீதான உரிமையை, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவோடு சேர்த்து, பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. கெடாவை யாரும் கேட்கவில்லை. காளையை விற்பதுபோல் என் நாட்டை விற்றுவிட்டார்கள், வாங்கியவனை மன்னித்தாலும் விற்றவனை மன்னிக்க முடியாது என்று சுல்தான் அப்துல் ஹமீது மனம் நொந்ததாகச் சொல்வார்கள். அந்த வலி எழுத்தாகவும் நிலைத்தது. 1923-இல் பிரிட்டனோடு கெடா செய்துகொண்ட உடன்படிக்கையில், சுல்தானின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் இந்த நாட்டை வேறொரு நாட்டோடு இணைக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 1943-இல் ஜப்பானியர் எந்தச் சம்மதமும் கேட்காமல் அதை மறுபடி தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள்.

தோட்டக்கூலிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதை ராஜேந்திரனின் வெற்றியோடு சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் காட்டை அழித்து ரப்பர் நட்ட அந்த மக்கள், இழந்த பேரரசைத் தேடிப் போனவர்கள் அல்லர். கங்காணியின் சொல்லை நம்பி, வயிற்றுக்காகப் போனவர்கள். கடாரத்தில் தமிழர் தலைமுறை தலைமுறையாகத் தங்கி வாழ்ந்த வரலாறு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

டிசம்பரில் போகும்போது மெர்போக்கிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அவசியம் செல்லுங்கள். அதன் வளாகத்திலேயே, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. கருவறையும் முன்மண்டபமும் கொண்ட அமைப்பு நமக்குப் பழகியதுதான். ஆனால் விமானத்தைத் தேடாதீர்கள். கல்தளத்தின்மேல் தூண் நிற்கக் குடைந்த வட்டக் கற்களைப் பாருங்கள்; அவற்றில் நின்றவை மரத்தூண்கள், மேலே இருந்தது மட்கிப்போன கூரை. நம்மிடமிருந்து சென்ற ஒரு வழிபாட்டை அவ்வூர்த் தச்சர்கள் தம் காட்டு மரத்தைக் கொண்டு, தம் மழைக்கு ஏற்பக் கட்டியிருக்கிறார்கள். ஓடையின் ஓசையைக் கேட்டபடி சற்று நேரம் அங்கே உட்கார்ந்திருங்கள். பிறகு வடக்கே அலோர் ஸ்டார் வரை செல்லுங்கள். 1885-இல் முதலமைச்சர் வான் முகமது சமான் வெட்டத் தொடங்கிய கால்வாய் அங்கிருந்து ஜெராய் மலையை நோக்கி முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு ஏறத்தாழ நேர்கோடாக ஓடுகிறது. அதன் இருகரையிலும், நம் தஞ்சை வயல்களைப் போலவே, கண்ணுக்கெட்டியவரை நெல்.

அன்புடன்.