தி.நகரைக் கெடுத்தது கடைகளா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னை பற்றிய உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். தி.நகரில் வெங்கடநாராயணா சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் என் தாத்தாவின் வீடு இருந்தது. இரண்டு கிரவுண்டு மனை, முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு பில்டரிடம் கொடுத்தாயிற்று. இப்போது அங்கே அபார்ட்மெண்ட். "எவ்வளவு அமைதியான இடம், கடைக்காரர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கோ தி.நகர் என்றாலே தீபாவளிக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கடைத்தெரு என்பதைத் தாண்டி அந்த ஊருக்கு ஒரு குணம் இருக்கிறதா? என் பிள்ளைகளுக்கு அங்கே எதைக் காட்டுவது?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் பழியைக் கடைகள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. தி.நகர் இழந்ததில் பெரியது அமைதி இல்லை, தண்ணீர். அதை இழந்தது கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, உங்கள் தாத்தா மனை வாங்குவதற்கும் முன்பு.

நூறு வருடங்களுக்கு முன் அந்த இடமெல்லாம் ஏரியும் ஏரிக்கரையும்தான். ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்று எழுதிவைத்த ஏரி, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறது. நகரம் பெருக்க, வீட்டுமனை தேவைப்பட, 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது, அடுத்த சில வருடங்களில் மாம்பலம் பகுதி ஏரியை வடித்து மனை போட்டார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் மிஞ்சியிருந்ததும் பிறகு தூர்ந்தது, 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது அந்த ஏரி நிலத்தில்தான். லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறார்களே, அதெல்லாம் இந்த ஏரியின் மிச்சம்.

மனை போட்டது நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில். அதனால் தி.நகரின் தெருப்பலகைகளை வரிசையாக வாசித்தாலே அந்தக் கட்சியின் வரலாறு ஓரளவு தெரிந்துவிடும். நகருக்குப் பெயர் கொடுத்தவர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர், 1925இல் மறைந்தவர். (திருவையாற்றுத் தியாகராஜர் என்று நினைப்பவர்களை இப்போதும் பார்க்கிறேன்.) நடுவில் இருக்கும் பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில். அரசு வேலைகளை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணை, இந்து அறநிலையச் சட்டம் இரண்டும் அவர் காலத்தவை. உஸ்மான் சாலை முகமது உஸ்மானுக்கு, 1934இல் மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தவர். பாண்டி பஜாரில் உள்ள பாண்டி, 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் நடேசனுக்கு ஒரு பூங்கா. கட்சியைத் தொடங்கியவர்களில் இன்னொருவரான டாக்டர் டி.எம். நாயருக்கு ஒரு சாலை. தெருப்பெயர்களில் சாதி கூடாது என்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் முடிவெடுத்தபோது நாயரை எடுத்துவிட்டு வெறும் 'டாக்டர் சாலை' ஆக்கினார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு மனிதரே காணாமல் போய்விட்டார் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

சரி, கடைகளுக்கு வருகிறேன். ஏரியை வடிப்பதற்கு முன்பே மாம்பலத்தில் ரயில் நின்றது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்ததும் இந்த நிலையத்தின் மதிப்பே மாறிவிட்டது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாடகைக்கு இருந்த வக்கீல், குமாஸ்தா, பள்ளி ஆசிரியர் எல்லாம் இங்கே வந்தார்கள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வூதியத்தோடு வந்தவர்கள் உண்டு, கோடம்பாக்கம் ஸ்டூடியோக்கள் பக்கம் என்பதால் சினிமாக்காரர்களும் வந்தார்கள். ரங்கநாதன் தெருவும் அப்போது குடித்தனத் தெருதான். ஆனால் ரயிலைவிட்டு இறங்கி உஸ்மான் சாலைக்குப் போகிற ஜனம் அத்தனையும் அந்த ஒரு சின்னத் தெருவுக்குள் நடந்துதான் போகவேண்டும், பஸ் நிலையமும் கூப்பிடு தூரத்தில். அங்கே பாத்திரக் கடையும் துணிக்கடையும் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்து, மகள் கல்யாணத்துக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசி ரயிலைப் பிடிக்கிற அம்மாவுக்கும் தி.நகர் சொந்தம்தான். அவரை வெளியாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் உங்கள் தாத்தாவும் அங்கே வந்து சேர்ந்தவர்தானே.

தண்ணீர் விஷயம்தான் என்னை உறுத்துகிறது. வள்ளுவர் கோட்டத்தை ஒட்டித் தொடங்கி தி.நகருக்குள் புகுந்து நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாயைப் பார்த்திருக்கிறீர்களா? ஏரி இருந்த பள்ளத்தின் மழைநீரெல்லாம் அதில்தான் போயாகவேண்டும். பல இடங்களில் மேலே சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள், திறந்த இடத்தில் எட்டிப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர், தெர்மாகோல், கட்டட இடிபாடு. 2021 நவம்பரில் பெய்த மழையில் விஜயராகவா சாலை, ஜி.என். செட்டி சாலைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது அந்தத் தெருக்களில் நடந்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும்: ஒவ்வொரு அபார்ட்மெண்ட் வாசலிலும் பேஸ்மெண்டிலிருந்து தெருவுக்கு ஒரு நீலக் குழாய், டீசல் பம்ப் இரவும் பகலும் ஓட, தெருவில் விட்ட தண்ணீர் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு பேஸ்மெண்டுக்குள் இறங்கும். ஏரி நிலத்தில் கார் நிறுத்த இரண்டு தளம் கீழே தோண்டினால் வேறென்ன நடக்கும்? பழைய வீடுகள் அடித்தளத்தை உயர்த்தி, மூன்று படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும் என்று கட்டியிருந்தார்கள். சுற்றிலும் மண் தரை இருந்தது, கிணறு இருந்தது. அதையெல்லாம் இடித்தது கடைக்காரர்கள் மட்டுமில்லை, வாரிசுகளும்தான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஏழு பேருக்குப் பங்கு வைக்கவேண்டிய வீட்டை என்னதான் செய்வது! ஆனால் பில்டர் அந்தக் கிணற்றை மூடியிருந்தால், அபார்ட்மெண்ட் சங்கத்தில் பேசித் திறக்கச் சொல்லுங்கள், மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடலாம். 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், அதனால் கேட்கத் தயங்கவேண்டாம்.

அப்புறம், பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்கு முன்பு, காலை ஆறரைக்கெல்லாம் பனகல் பூங்காவுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து பெரிய சாலைகள் நாலா பக்கமும் பிரிந்து போவதைக் கூட்டம் இல்லாத அந்த நேரத்தில்தான் பார்க்கமுடியும், இதை யோசித்து வரைந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கே தெரியும். திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாடகைக்கு இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, 1975 அக்டோபர் 2 அன்று அவர் இறந்ததும் அங்கேதான். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். வீடு. நினைவில்லங்கள் கொஞ்சம் தாமதமாகத் திறப்பார்கள், அதுவரை பாண்டி பஜார் நடைபாதையில் நடக்கலாம். 2019இல் அகலப்படுத்தியது, குழந்தைகளோடு கைவீசி நடக்க சென்னையில் அப்படி இன்னொரு கடைத்தெரு இல்லை. நடிகர் நாகையா தொடங்கிய வாணி மகால் அரங்கம் ஜி.என். செட்டி சாலையில் இருக்கிறது, அன்று மாலை கச்சேரி இருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.