சொந்தமாக ஃபைல் சிஸ்டம் எழுதுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், ஃபைல் சிஸ்டம் எழுதினால் கெர்னலில் கை வைக்க வேண்டாமா?

வேண்டாம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் காட்டும் அமைப்பான ஃபைல் சிஸ்டத்தை அதற்கு வெளியே, சாதாரண புரோகிராமாக எழுத விடும் வசதிதான் ஃப்யூஸ். 2005-இல் லினக்ஸ் 2.6.14 கெர்னலோடு அது சேர்ந்துவிட்டது. மவுண்ட் செய்த, அதாவது உங்கள் ஃபைல் சிஸ்டத்தை இணைத்து வைத்த ஃபோல்டரை யாராவது தொட்டால், கெர்னல் அதை ஒரு கோரிக்கையாக உங்கள் புரோகிராமிடம் நீட்டும். நீங்கள் சொல்லும் பதில் கேட்டவருக்குப் போய்ச் சேரும். உங்கள் புரோகிராம் செத்தாலும் கணினி விழாது, அந்த மவுண்ட் மட்டும் போகும்.

கேள்வி: மேக்கிலும் விண்டோஸிலும்?

மேக்கில் மேக்ஃப்யூஸ், விண்டோஸில் வின்எஃப்எஸ்பி. முதலில் லினக்ஸில் ஓட வையுங்கள். மேக்கில் ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டர், புள்ளியில் பெயர் தொடங்கும், நீங்கள் கேள்விப்படாத ஃபைல்களையெல்லாம் தேடிக்கொண்டு வரும். ‘இல்லை’ என்று சட்டென்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அடித்தால் ஃபைல் தெரிகிறது. உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் அடித்தால் ஒன்றும் வரவில்லை. ரீட் ஃபங்ஷனில் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், அங்கே வரவே இல்லை!

ஃபைலின் அளவு போன்ற விவரங்களைச் சொல்லும் கெட்ஆட்டர் ஃபங்ஷனைப் பாருங்கள். பைட் அளவை 0 என்று விட்டிருப்பீர்கள். கெர்னல் அதை அப்படியே நம்பிவிடும். காலி ஃபைலில் படிக்க என்ன இருக்கிறது என்று உங்களிடம் கேட்காமலே முடித்துவிடும். 300 பைட் இருக்கும் ஃபைலுக்கு 10 என்று சொன்னால் 10 பைட்டோடு நறுக்கிவிடும். என்னிடம் வரும் புகார்களில் பாதி இந்த ஒரு ஃபங்ஷனில்தான் முடிகிறது.

படிக்கும்போதுதான் உள்ளடக்கம் உருவாகும், அளவு முன்கூட்டியே தெரியாது என்றால், ஃபைலைத் திறக்கும் ஓபன் ஃபங்ஷனில் டைரக்ட் ஐஓ கொடியை ஏற்றுங்கள். அப்போது கெர்னல், படித்ததைச் சேர்த்து வைக்கும் தன் கேஷை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு ரீடையும் உங்களிடமே அனுப்பும். பொய்யாக ஒரு பெரிய அளவு சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் ஃபைல்களை எடுக்கும் சர்வரில் ஃபைல் மாறிவிட்டது, இங்கே பழைய அளவே காட்டுகிறது.

ஃப்யூஸ் புரோகிராம் எழுத உதவும் லிப்ஃப்யூஸ் நூலகம், அளவு போன்ற விவரங்களை (ஆட்ரிபியூட்) வழக்கமாக 1 நொடி நினைவில் வைக்கும்படி கெர்னலிடம் சொல்லும். நீங்கள் அதைக் கூட்டி வைத்தீர்களா? 0 ஆக்கினால் எப்போதும் புதியது வரும், ஆனால் ஒவ்வொரு விசாரிப்பும் நெட்வொர்க்குக்குப் போகும். ஆயிரம் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை அப்புறம் திறந்து பாருங்கள், புரியும்.

கேள்வி: எக்கோ கட்டளையால் எழுதினால் சரி, எடிட்டரில் சேவ் செய்தால் பிழை.

பல எடிட்டர்கள் தற்காலிக ஃபைலில் எழுதி, அதைப் பழைய பெயருக்கு ரீநேம் செய்கின்றன. பழையது இருக்கும்போதே அதன் மேல் உட்கார உங்கள் ரீநேம் இடம் தர வேண்டும். உங்கள் புரோகிராமை மைனஸ் டி போட்டு ஓட்டினால் எந்த அழைப்பில் தடுக்குகிறது என்று திரையிலேயே ஓடும்.

கேள்வி: க்ளோஸ் செய்யும்போதுதான் அப்லோட் செய்கிறேன். அது தோற்றால் பிழையை எங்கே திருப்புவது?

ஒவ்வொரு க்ளோஸின்போதும் அழைக்கப்படும் ஃப்ளஷ் ஃபங்ஷனில். கடைசியாக ஃபைலை விடுவிக்கும் ரிலீஸில் திருப்பும் பிழை யாரிடமும் போய்ச் சேராது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: ஒரு நாள் முழுக்க எழுதிய குறிப்புகள், எடிட்டர் ‘சேவ் ஆயிற்று’ என்றது, மறுநாள் சர்வரில் ஒன்றுகூட இல்லை. ஃப்ளஷ் ஒரே ஃபைலுக்குப் பல முறை வரலாம் என்பதையும் மறக்காதீர்கள். மாற்றம் இருந்தால் மட்டும் அப்லோட் செய்யுங்கள்.

கேள்வி: எல்லாம் உறைந்துபோய் நிற்கிறது சார், புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கில் 9 கூட எடுபடவில்லை.

உங்கள் புரோகிராம் தன் மவுண்டுக்குள் இருக்கும் ஃபைலையே திறக்கிறதா? நடப்பதைப் பதியும் லாக் ஃபைலை அங்கே வைத்திருந்தால்கூடப் போதும்: தன் பதிலுக்குத் தானே காத்துக்கொண்டு நிற்கும். சிஸ் அடைவுக்குள் எஃப்எஸ், அதற்குள் ஃப்யூஸ், அதற்குள் கனெக்ஷன்ஸ் என்று போங்கள். உங்கள் மவுண்டின் எண்ணுள்ள ஃபோல்டரில் அபார்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் 1 என்று எழுதுங்கள். காத்திருந்ததெல்லாம் பிழையோடு விடுபடும். பிறகு ஃப்யூசர்மவுண்ட் மைனஸ் யூ கொடுத்து மவுண்டைக் கழற்றி, லாகை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.