சளியோட காது வலி: பூண்டு எண்ணெய் விடலாமா?

கேள்வி: பையனுக்கு நாலு வயசு, 15 கிலோ. மூணு நாளா சளி, நேத்து நடுராத்திரி எந்திரிச்சு காதைப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுகை. மாமியார் பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி விடலாம்ங்கிறாங்க, விடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா. வலி செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கு, நீங்க விடுற எண்ணெய் இந்தப் பக்கமே நின்னுடும். பறையில ஓட்டை விழுந்திருந்தா உள்ளயும் போயிடும், அதுவும் நல்லதில்ல. போதாததுக்கு மறுநாள் நாங்க டார்ச் வெச்சு பாத்தா எண்ணெய்தான் தெரியும், பறை தெரியாது. பட்ஸும் வேண்டாம்.

மூக்குக்குப் பின்னாடியிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேஷியன் ட்யூப்னு ஒண்ணு போகுது, சின்னப் பசங்களுக்கு அது குட்டையா, படுத்தவாக்குல இருக்கும், சளியில வீங்கி அடைச்சிக்கிட்டா உள்ள நீர் கோத்து பறையை அழுத்தும், படுத்தா இன்னும் ஜாஸ்தி, அதான் ராத்திரில அழறான்.

முதல்ல வலியைக் குறைங்க. பாராசிட்டமால் சிரப் போதும், ஆனா பாட்டில் லேபிளைப் பாருங்க, 5 மில்லில 125 மில்லிகிராம்னும் வருது, 250னும் வருது, இங்கதான் நிறைய பேர் குழம்பிடுறாங்க. உங்க பையன் எடைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், அதாவது 250 சிரப்னா 4 மில்லி, 125னா 8 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. சளிக்குன்னு வேற சிரப் குடுத்தா அதுலயும் பாராசிட்டமால் இருக்கான்னு பாத்துக்கங்க. ஆஸ்பிரின் குழந்தைங்களுக்கு ஆகவே ஆகாது. மூக்குல சலைன் ட்ராப்ஸ் விடுங்க, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைங்க.

ஆன்டிபயாடிக் நீங்களா கடையில வாங்காதீங்க, இந்த வயசுல பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானாவே சரியாகும். அதுக்குள்ள குறையலைன்னாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் 102 தாண்டினாலோ கூட்டிட்டு வாங்க. காதுக்குப் பின்னாடி வீங்கி காது முன்னாடி தள்ளிக்கிட்டு நின்னாலோ, கழுத்து விறைச்சாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரி.

வலி போனப்புறமும் கொஞ்ச வாரம் காது மந்தமா இருக்கும், கூப்பிட்டா திரும்ப மாட்டான், சேட்டைன்னு திட்டாதீங்க. மூணு மாசம் ஆகியும் அப்படியே இருந்தா காது கேட்கும் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம்.