அலுமினிய வான்கோழி அழைப்பான் வழுக்குகிறதா? ஆசிட் வேண்டாம், உப்புத்தாள் போதும்

கேள்வி: பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போவதாக இருக்கிறேன். பெட்டை வான்கோழியைப் போலக் கூவிச் சேவலை வரவழைக்க, சிறு கிண்ணத்தின் மேல் அலுமினியத் தகடு ஒட்டி, குச்சியால் தேய்க்கும் வட்ட அழைப்பான் ஒன்று வாங்கினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது குச்சி வழுக்குகிறது, சத்தம் வந்தாலும் வெறும் கீச்சொலிதான். வேட்டைக்காரர்களின் இணையக் குழுவில் ஒருவர், தகட்டை ஆசிட்டில் அரித்து ஒலியைக் கூட்டித் தருகிறேன் என்று 40 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? நானே ஏதாவது செய்து பார்க்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு துண்டு உப்புத்தாளும் கால் மணி நேரமும் இருந்தால் நீங்களே சரி செய்துவிடலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டுவிட்டால் இனி இந்த மாதிரி ஆட்களிடம் ஏமாற மாட்டீர்கள்.

அழைப்பானின் குரல் தகட்டின் மேற்பரப்பில் இல்லை. தகட்டின் கனம், அதற்கு அடியில் இருக்கும் ஒலிப்பலகை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, கிண்ணத்தின் ஆழம், அடிப்பக்கத் துளைகள், குச்சியின் மரம், இவைதான் குரலைத் தீர்மானிக்கின்றன. மேற்பரப்பின் வேலை குச்சிக்குப் பிடிப்புக் கொடுப்பது மட்டும். நுனி தகட்டைக் கவ்வுகிறது, உடனே நழுவுகிறது, திரும்பவும் கவ்வுகிறது. ஒரு நொடிக்குள் இது பல நூறு தடவை நடக்கிறது. அந்த அதிர்வு கிண்ணத்துக்குள் பெருகி வெளியே கூவலாக வருகிறது. வயலின் வில்லில் பூசும் ரோசின் என்ற பிசின் தீர்ந்துபோனால் வில் கம்பி மேல் சும்மா சறுக்கும் அல்லவா, உங்கள் பிரச்சினையும் அதேதான். பிடிப்பை மீட்டால் முதல் நாள் குரல் திரும்பி வரும். அதற்கு மேல் ஒரு குரலை ஆசிட்டால் வரவழைக்க முடியாது, ஏனென்றால் அந்தக் குரல் இருக்கும் இடத்தை ஆசிட் தொடுவதே இல்லை.

பிடிப்பு ஏன் போனது? முதலில் குச்சியைத் திருப்பி நுனியைப் பாருங்கள். கறுத்து, பளபளவென்று இருந்தால் பாதிக் குற்றம் அங்கேதான். தேய்க்கத் தேய்க்க அலுமினியத் துகள் மரத்தில் ஏறி அப்படி இறுகிவிடும். பச்சை ஸ்காட்ச் பிரைட் துண்டின் மேல் நுனியை வைத்து நாலைந்து தடவை திருகுங்கள், மரத்தின் நிறம் தெரியும். நுனியைத் தட்டையாக ராவிவிடாதீர்கள், உருண்டை போனால் குரலும் மாறிவிடும். மீதிக் குற்றம் உங்கள் விரலில் இருக்கிறது. தகட்டைக் கையால் தடவிப் பார்க்காதவர்கள் குறைவு. தோலிலுள்ள எண்ணெய் ஒரு தடவை பட்டாலே போதும், அந்த இடம் வழுக்கும்.

அப்புறம் தகடு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாளை விரல் அகலத்துக்கு மடித்துக்கொள்ளுங்கள். தகடு முழுவதையும் தேய்க்க வேண்டாம். விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில், பெரிய நாணயம் அளவுக்கு ஓர் இடம் போதும். ஒரே திசையில், நேர்கோடாக, அழுத்தித் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கோடுகள் ஒரே பக்கம் ஓடினால்தான் குச்சி அவற்றைக் குறுக்கே கடக்கும்போது ஒரே சீராகக் கவ்வும். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக ஒரு திட்டு தெரியும். தூளை உலர்ந்த பருத்தித் துணியால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும்.

இனிக் கோடுகளுக்குக் குறுக்கே குச்சி போகும்படி கிண்ணத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். விரல் நுனிகளால் பிடியுங்கள். உள்ளங்கை அடிப்பக்கத் துளைகளை மூடினால் ஒலி அடைபடும். பேனா பிடிப்பதைப் போலக் குச்சியைக் கொஞ்சம் சாய்த்து, நுனி தகட்டை விட்டு எழும்பாமல் சிறு நீள்வட்டமாக இழுங்கள். மேலே மெல்லிசாகத் தொடங்கிக் கீழே கரகரவென்று முடியும் இரண்டு சுரம் வந்தால் அதுதான் பெட்டையின் கூவல். சேவல் தேடி வருவது அதற்குத்தான். முதல் சுரம் மட்டும் வந்து நின்றுவிட்டால் இன்னும் சில இழுப்பு உப்புத்தாள் போடுங்கள்.

இப்போது அந்த 40 டாலர் ஆளைப் பற்றி. உலோக மேற்பரப்பு வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அலுமினியத்தை அரிக்க இப்படிப்பட்டவர்கள் எடுப்பது ஒன்று கழிவறை ஆசிட், இல்லாவிட்டால் அடுப்பு சுத்தம் செய்யும் காரம், அதுவும் இல்லாவிட்டால் கார் சக்கரத்துக்குப் பளபளப்பு ஏற்றும் திரவம். காரமும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கும். சக்கரத் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. அது தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது, வலி தெரிவதற்குள் உள்ளே எலும்பு வரை போயிருக்கும். இதை ஒரு பொழுதுபோக்குச் சாமானுக்காக வீட்டுக் கொட்டகையில் வைத்து விளையாடுகிறார்கள்! போதாததற்குத் திரவம் தகட்டின் ஓரமாக இறங்கிப் பசைக்குள் போய்விடும். பசை விட்டால் அழைப்பான் அத்துடன் முடிந்தது. காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சி அடித்துத் தருகிறேன் என்று சொல்பவரும் உண்டு. மெல்லிய தகட்டில் மணல் அடித்தால் தகடே வளையும், விழுகிற குழிகளுக்குத் திசையும் இருக்காது. சாக்பீஸ் பெட்டி வடிவ மர அழைப்பானுக்கு உரியது, உலோகத்தில் பூசாதீர்கள். ரோசினும் வேண்டாம், பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் தேவை, அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உங்கள் தகடு அனோடைஸ் செய்யப்பட்டதா, அதாவது மின்சாரம் செலுத்தி மேலே கடினமான ஆக்சைடு படலம் வளர்த்ததா? சிவப்பு, நீலம், கறுப்பு என்று உலோகத்திலேயே நிறம் ஊறியிருந்தால் பெரும்பாலும் ஆமாம். ஆனால் நிறமில்லாத அனோடைசிங்கும் இருக்கிறது, கண்ணுக்கு அது வெறும் அலுமினியமாகவே தெரியும். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் மின்தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் தகட்டில் கீறாமல் மெதுவாகத் தொடுங்கள். பீப் என்றால் வெறும் உலோகம். சத்தமே இல்லை என்றால் இடம் மாற்றி இன்னும் இரண்டு தடவை பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் மேலே ஆக்சைடு படலம் இருக்கிறது. வெறும் அலுமினியத்திலும் காற்று பட்டதும் ஆக்சைடு வரும், ஆனால் அது சில நானோமீட்டர்தான். அனோடைசிங் மைக்ரான் கணக்கு, கடினப் பூச்சு என்றால் 25, 50 மைக்ரான்கூட இருக்கும். பழுப்பு நிற உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் இதே அலுமினியம் ஆக்சைடுதான். அதனால் தாள்தான் மழுங்கும். விடாமல் தேய்த்தால் அங்கங்கே படலம் பிய்ந்து, பாதி கடினமாகவும் பாதி மிருதுவாகவும் ஆகிவிடும். குச்சி அதில் திக்கித் திக்கித்தான் போகும். ஆகவே அனோடைஸ் செய்த தகடென்றால் ஆல்கஹாலால் துடைத்து, மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட்டால் ஒரே திசையில் லேசாக இழுத்து, அதோடு நிறுத்துங்கள். படலத்தை எடுத்தே தீர வேண்டும் என்றால் கறுப்பு நிற சிலிக்கான் கார்பைடு தாள் வாங்கி, அந்தத் திட்டு முழுவதும் பீப் வரும் வரை தேய்க்க வேண்டும். பாதியில் விடக் கூடாது.

தகடு அனோடைஸ் செய்ததா இல்லையா என்ற இந்த ஒரு தகவலை அட்டையில் அச்சடிக்கத் தயாரிப்பாளர்களுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து விற்கிறார்கள், கடையில் தேய்த்துப் பார்க்க வழியில்லை. உள்ளே பச்சைத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள், எந்தத் திசையில் தேய்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பென்சில்வேனியா சட்டமோ வசந்த காலத்தில் வான்கோழியைக் கூவி வரவழைத்துத்தான் சுட வேண்டும் என்கிறது. பதுங்கிப் பின்தொடர்ந்தால் குற்றம், மின்னணு அழைப்பானும் கூடாது. கூவத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறவர்கள் கூவும் கருவியைப் பராமரிக்கச் சொல்லித்தர வேண்டாமா? அந்த வெற்றிடத்தில்தான் 40 டாலர் ஆட்கள் கடை விரிக்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் இன்னொன்று. கிண்ணத்தைக் காதருகில் பிடித்து, தகட்டின் ஓரத்தைச் சுற்றிலும் குச்சியின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது சரசரவென்று கேட்டால் பசை விட்டிருக்கிறது, அல்லது உள்ளே ஒலிப்பலகை கழன்றிருக்கிறது. உப்புத்தாள் அதைச் சரி செய்யாது. பில்லை எடுத்துக்கொண்டு போய் மாற்றிக் கேளுங்கள். நீங்கள் தேய்த்த பிறகு கொண்டுபோனால், கெடுத்ததே நீங்கள்தான் என்று சொல்லிவிடுவார்கள்.