மூணு வேளையும் சாப்பிடுற குழந்தை ஏன் வளரல? டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா வணக்கம், எங்க ஊரு அரூர் பக்கம். பொண்ணுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருக்கு. போன வாரம் அங்கன்வாடில அளந்துட்டு 77 சென்டிமீட்டர்தான் இருக்கா, வயசுக்கேத்த உயரம் இல்லனு கார்டுல எழுதிட்டாங்க. நாங்க அவள பட்டினி போட்டதே இல்ல, மூணு வேளையும் சாப்பிடுறா, சளி காய்ச்சல் அப்பப்போ வரும் போகும் அவ்ளோதான். மாமியார் நம்ம வம்சமே குள்ளம்தான் பயப்படாதங்கறாங்க. யார் சொல்றது சரி?

பதில்: அங்கன்வாடி டீச்சர் சொல்றதுதான் சரி கண்ணு. ரெண்டு வயசுப் பொண்ணு சராசரியா 86 சென்டிமீட்டர் கிட்ட இருக்கணும், 79க்குக் கீழ போனா அது நாள்பட்ட சத்துக்குறைவுனு கணக்கு. உயரம் பரம்பரைல வரும்தான், நான் இல்லங்கல, ஆனா இந்தச் சின்ன வயசுல அத விட வளர்ப்பும் சாப்பாடும்தான் பெருசா பேசும். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கானு 6 நாட்டுல நல்லா தாய்ப்பால் குடிச்சு, வசதியான வீட்டுல, நோய் நொடி இல்லாம வளர்ற குழந்தைங்கள அளந்து பாத்தாங்க, நம்ம பக்கம் தெற்கு டெல்லிக் குழந்தைங்க. அஞ்சு வயசு வரைக்கும் எல்லா நாட்டுப் பிள்ளைங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளந்திருந்துச்சுங்க. 2006ல வந்த அந்த அளவுதான் இன்னைக்கு உங்க டீச்சர் கைல இருக்கறது. உங்க மாமியாரும் அவங்க அம்மாவும் குள்ளமா போனதுக்கே அவங்க சின்ன வயசுல கிடைக்காம போன சாப்பாடு ஒரு காரணமா இருந்திருக்கலாம், அத வம்சம்னு சொல்லிச் சொல்லி நாம விட்டுட்டோம்.

சரி, பட்டினி இல்லாத வீட்டுல இது எப்படி வருது? ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் போதும், அதுக்கப்புறம் போதாது. அங்கதான் சறுக்கல் ஆரம்பிக்குது, ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும். குழந்தை வயிறு ஒரு சின்ன டம்ளர் அளவுதான் இருக்கும், அதுல நாம ஊத்தறது வடிச்ச கஞ்சி, பருப்புத் தண்ணி, ரசம் சாதம், டீயில நனைச்ச ரஸ்க். வயிறு நிறைஞ்சிடும், குழந்தை அழாது, நாமளும் நல்லா சாப்பிட்டானு நினைச்சிடுவோம், ஆனா உள்ள போனது பாதி தண்ணி. பருப்பு சட்டிக்கு அடியிலயே இருக்கும், அது பெரியவங்க தட்டுக்குப் போயிடும். டீ வேற சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல ஆறு மாசம் முதல் ரெண்டு வயசுக்குள்ள இருக்கற இந்தியக் குழந்தைங்கள்ல போதுமான உணவு கிடைச்சது 100க்கு 11 பேருக்குத்தான். 11 பேரு! ஏழை வீட்டுல மட்டும் நடக்கறதில்ல இது.

உங்க பொண்ணுக்கு இப்போ பண்ண வேண்டியது, சாதத்த கெட்டியா மசிச்சு பருப்பு, கீரை, ஒரு ஸ்பூன் எண்ணெய் இல்ல நெய், தினம் ஒரு முட்டை, பொடிச்ச வேர்க்கடலை, இப்படி நாலஞ்சு தடவையா பிரிச்சுக் குடுங்க. சளி காய்ச்சல் வந்து போன அடுத்த ரெண்டு வாரம் வழக்கத்த விட ஒரு வேளை சேத்தே குடுங்க, ஒவ்வொரு காய்ச்சலும் வளர்ச்சில ஒரு துண்ட கடிச்சிட்டுப் போகும், அத நிரப்பறதுக்குள்ள அடுத்தது வந்துடும். ரத்தசோகை, காசநோய் இருக்கானு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துல பாத்துடுங்க.

கேள்வி: மேடம், நான் திருச்சில எம்.எஸ்.சி. படிக்கறேன். வளரும் நாடுகள்ல தானிய விளைச்சல் பத்தாததுதானே குழந்தைங்க சத்துக்குறைவால வளராம போறதுக்கு மூல காரணம்? விளைச்சல கூட்டினா பிரச்சினை தீந்துடாதா?

பதில்: தம்பி, நம்ம நாடு மூட்டை மூட்டையா அரிசி ஏத்துமதி பண்ணுது, ஆனா அதே தேசிய குடும்பநல ஆய்வுல அஞ்சு வயசுக்குள்ள இருக்கற இந்தியக் குழந்தைங்கள்ல 100க்கு 35.5 பேரு வயசுக்கேத்த உயரம் இல்லாம இருக்காங்க, தமிழ்நாட்டுல 25, பீகார்ல 43 கிட்ட. மத்திய அமெரிக்காவுல இருக்கற குவாத்தமாலா நாட்ட பாருங்க, காபி, வாழைப்பழம், சர்க்கரை எல்லாம் வெளிய போகுது, அங்க ரெண்டுல ஒரு குழந்தை கிட்ட இப்படித்தான் இருக்கு, மாயா பழங்குடி வீடுகள்ல இன்னும் மோசம். நல்ல நிலம் பெரிய தோட்டத்துக்காரங்க கிட்ட, மலைச்சரிவுல ஒட்டிக்கிட்டு இருக்கற துண்டு நிலம் இவங்க கிட்ட, அதுல வர்ற மக்காச்சோளம்தான் மூணு வேளையும். கலோரி இருக்கும், வளர்ச்சிக்கு வேண்டிய அளவு புரதமும் துத்தநாகமும் (ஜிங்க்) இருக்காது.

அதே நாட்டுல 1969ல இருந்து 1977 வரைக்கும் நாலு கிராமத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ரெண்டு கிராமத்துல பால் பவுடர் சேத்த புரதக் கஞ்சி, ரெண்டுல புரதமே இல்லாத இனிப்பு பானம், வைட்டமின் ரெண்டுலயும் உண்டு. கஞ்சி குடிச்ச குழந்தைங்க மூணு வயசுக்குள்ள நல்லா வளந்தாங்க, மூணு வயசுக்கு மேல அதே கஞ்சிய குடிச்சவங்களுக்கு உயரத்துல பெருசா ஒண்ணும் ஏறல. பொறந்த முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள கஞ்சி குடிச்ச ஆம்பளப் பசங்க பெரியவங்களானப்போ மணிக்கூலி மத்தவங்கள விட 46 சதவீதம் கிட்ட அதிகமா இருந்துச்சு. காலம் எவ்வளவு முக்கியம்னு பாருங்க. நம்ம சத்துணவு 1982ல வந்தது எனக்கு இன்னைக்கும் பெருமைதான், ஆனா அது ரெண்டு வயசுக்கு மேலதான் குழந்தைய தொடுது, சேதம் நடக்கறது அதுக்கு முன்னாடி.

இன்னொண்ணு யாரும் காரணம்னு எழுதறதே இல்ல, அம்மாவோட நேரம். செங்கல் சூளைக்கோ களையெடுக்கவோ காலைல ஏழு மணிக்குப் போற பொண்ணு சாயந்தரம் வர்ற வரைக்கும் குழந்தை பாட்டி கிட்டயோ எட்டு வயசு அக்கா கிட்டயோ இருக்கும். ஒன்பது மாசக் குழந்தைக்கு ஒரு கிண்ணம் கெட்டியா ஊட்ட அரை மணி நேரம் ஆகும், எட்டு வயசு அக்காவால முடியுமா? அஞ்சு ரூபா பாக்கெட் சிப்ஸ உடைச்சு கையில குடுத்துடுவா. நானே ஆரம்பத்துல அம்மாக்கள ஏன் ஊட்டலனு திட்டியிருக்கேன், அவங்க வீட்டுக்குப் போய் பாத்தப்புறம் அந்தக் கேள்விய நான் கேக்கறதில்ல. கூலி, வேலை நேரம், குழந்தைய விட்டுட்டுப் போக ஒரு நல்ல இடம், இதெல்லாம் சத்துணவுப் பிரச்சினைதான் தம்பி.

கேள்வி: வீட்டுக்கு வீடு டாய்லெட் கட்டிட்டா குழந்தைங்க வளந்துடுவாங்கனு ஒரு மீட்டிங்ல சொன்னாங்க, நிஜமா? (மதுரை வாசகர்)

பதில்: அப்படித்தான் நாங்களும் ரொம்ப நம்பினோம். அழுக்குத் தண்ணி, மண்ணு, கோழி எச்சம் கலந்த தரைல தவழ்ற குழந்தை கைய வாயில வச்சுக்கிட்டே இருக்கும், வயித்துப்போக்கு வெளிய தெரியலனாலும் குடலோட உள் சுவர் புண்ணாகி சாப்பிட்டது சேராம போகும். அதனால வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேல ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு கழிப்பறை, கை கழுவ வசதி, தண்ணிய சுத்தம் பண்ண குளோரின் எல்லாம் குடுத்து சோதிச்சாங்க, 2018, 2019ல முடிவு வந்துச்சு. வங்கதேசத்துல வயித்துப்போக்கு குறைஞ்சுது, ஆனா மூணு நாட்டுலயும் உயரத்துல மாற்றம் இல்ல. கூடுதல் உணவு குடுத்த குழந்தைங்க கொஞ்சம் வளந்தாங்க, அதுவும் கொஞ்சம்தான். கழிப்பறை வேணாம்னு அர்த்தம் இல்ல, வீட்டோரம் ஒரு குழி வெட்டினா மட்டும் பத்தாது, ஊர் மொத்தமும் சுத்தமா இருக்கணும், குழாய்ல நல்ல தண்ணி வரணும், அது பெரிய செலவு, அரசாங்கம்தான் பண்ண முடியும்.

கேள்வி: என் தங்கச்சிக்கு 17 வயசுலயே கல்யாணம் பண்ணிட்டாங்க. முதல் குழந்தைக்கு 11 மாசம் ஆகுது, இப்போ மறுபடி மூணு மாசம். பையன் இப்பவே மெலிஞ்சு போறான், பாட்டி சவலை ஆயிட்டான்ங்கறாங்க. (தேனி வாசகி)

பதில்: பாட்டி சொன்ன வார்த்தைல ஒரு பெரிய உண்மை இருக்கும்மா. கானா நாட்டுல கா மொழி பேசறவங்க அடுத்த பிள்ளை வந்ததும் நலிஞ்சு போற மூத்த பிள்ளையோட நோய குவாஷியோர்கர்னு சொல்வாங்க, 1930கள்ல டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் எழுதி அந்தப் பேரு மருத்துவப் புத்தகத்துலயே நின்னுடுச்சு. நம்ம சவலையும் அதே மாதிரி பெரியவங்க கண்ணால பாத்து வச்ச பேருதான். பையன இந்த வாரமே எடை பாக்க கூட்டிட்டுப் போங்க, கை கால் வீங்கினாலோ சாப்பிட மறுத்தாலோ ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க. டாக்டர் வேணாம்னு சொல்லாத வரைக்கும் தாய்ப்பால நிறுத்தத் தேவையில்ல, கெட்டியான சாப்பாட்ட கூட்டுங்க.

தங்கச்சிய மறந்துடாதீங்க, அவளே இன்னும் வளர்ற வயசு, அவ உடம்பும் வயித்துப் பிள்ளையும் ஒரே தட்டுக்கு அடிச்சுக்குதுங்க. வளர்ச்சி குறைஞ்சு போற குழந்தைங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு குறை வயித்துக்குள்ளயே ஆரம்பிச்சிடுதுனு கணக்கு சொல்றாங்க. இரும்பு மாத்திரை, சத்துமாவு எல்லாம் கிடைக்கும், ஆனா பல வீட்டுல சத்துமாவ உருண்டை பிடிச்சு எல்லாரும் சாப்பிட்டுடுவாங்க, மருமக கடைசில சட்டிய வழிச்சுச் சாப்பிடுவா. இந்தப் பிரசவத்தோட குடும்பநலம் பத்தி நர்சம்மா கிட்ட பேசச் சொல்லுங்க, அடுத்து உண்டாக குறைஞ்சது ரெண்டு வருஷம் இடைவெளி வேணும். நீங்க அடுத்த தடவை அங்க போறப்போ பழம் பிஸ்கட்டுக்கு பதிலா ஒரு தட்டு முட்டை வாங்கிட்டுப் போங்க, ரெண்ட வேக வச்சு அவ கையில குடுத்துட்டு சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க.