லேசர் ஒளியால் துகளின் வேகத்தை அளக்கும் லேசர் டாப்ளர் கருவியில், ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடையோடுக்குப் பின் ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) போதாதா?

துகள் மெதுவாகப் போனால் அதுவே போதும். காற்றோட்டத்தில் வரும் நுண்துகளின் வேகத்தை அளப்பதென்றால் கதை வேறு.

இரண்டு லேசர் கற்றைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒளியும் இருளும் வரிவரியாக நிற்கும். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், கற்றைகளுக்கு இடையே 10 டிகிரி என்றால் வரி இடைவெளி சுமார் 3.6 மைக்ரோமீட்டர். வரிகளைக் கடக்கும் துகள் சிதறடிக்கும் ஒளி மின்னி மின்னி வரும்; அதுதான் சிக்னல். துகள் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கடந்தால் சிக்னல் ஏறக்குறைய 2.75 மெகாஹெர்ட்ஸ்.

சிக்கல் இங்கேதான். சிக்னல் 1 நானோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அதை 1 மில்லிவோல்ட்டாக மாற்ற ஆப்-ஆம்பின் வெளியீட்டையும் உள்ளீட்டையும் இணைக்கும் பின்னூட்ட மின்தடை 1 மெகாஓம் இருக்க வேண்டும். அதன் குறுக்கே 0.5 பிகோஃபாரட் மின்தேக்கம் ஒட்டிக்கொண்டாலே (சர்க்யூட் போர்டில் அவ்வளவு சும்மாவே வந்துவிடும்) பட்டை அகலம், அதாவது சுற்று பிடிக்கக்கூடிய அதிர்வெண் எல்லை, 320 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சரி, 100 கிலோஓம் போடலாமே? அகலம் 3 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும்; ஆனால் அந்த மின்தடையின் வெப்ப இரைச்சலே சுமார் 0.7 நானோஆம்பியர். சிக்னல் அதில் முங்கிவிடும்.

அதனால்தான் மின்னோட்டத்தைத் தனக்குள்ளேயே பெருக்கும் போட்டோமல்டிப்ளையர் குழாய் அல்லது அவலாஞ்ச் போட்டோடையோடு: பெருக்கம் மின்தடைக்கு முன்பே நடந்துவிடுகிறது. நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவதை, ஆனால் அதன் பெருக்கம் வெப்பநிலையோடு மாறும், அதற்குக் கொடுக்கும் பயாஸ் மின்னழுத்தத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விடும் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர். கற்றையின் நடுவில் ஒளி அதிகம் என்பதால், ஒவ்வொரு துகளும் அலையோடு சேர்த்து ஒரு மெதுவான மேட்டையும் தரும். அதை வெட்டிவிட்டுத்தான் அதிர்வெண்ணை எண்ண முடியும்.